அப்பாவின் நாகஸ்வரமும் பழைய கோப்பு வடிவங்களும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். என் தந்தையார் நாகஸ்வர வித்வான். கோயில் உற்சவங்களில் அவர் வாசித்ததை என் அண்ணன் பதிவு செய்து வைத்திருந்த 14 கேசட்டுகளை, 2004ஆம் ஆண்டில் ஒரு கடையில் கொடுத்து எம்பி3 கோப்புகளாக்கி வாங்கினோம். இவை தவிர, ஸ்கேன் செய்த குடும்பப் படங்கள் ஜேபெக்காகவும் பிஎம்பியாகவும் இருக்கின்றன. சிங்கப்பூரில் நடந்த அண்ணனின் திருமணப் படங்கள் கோடக் போட்டோ சிடி ஒன்றில் இருக்கின்றன. அப்பாவின் வானொலிப் பேட்டி ரியல் ஆடியோவாகவும், அம்மா பேரனுக்குப் பாடிய தாலாட்டு பழைய நோக்கியா போனில் பதிவான ஏஎம்ஆர் கோப்பாகவும் உள்ளன. இவையெல்லாம் காலாவதியான வடிவங்கள், படங்களை ஏவிஐஎஃப் ஆகவும் ஒலியை ஓபஸ் ஆகவும் மாற்றிவிட்டுப் பழையவற்றை அழித்துவிட்டால் இடமும் மிச்சமாகும் என்று கணினித் துறையில் வேலை செய்யும் என் மகன் சொல்கிறான். அப்படிச் செய்யலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம்.

எதையும் அழிக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் உள்ள ஜேபெக் படங்களும் எம்பி3 கோப்புகளும் இருக்கிறபடியே இருக்கட்டும். போட்டோ சிடியும் ரியல் ஆடியோவும் உடனடியாகக் கவனிக்க வேண்டியவை. 14 கேசட்டுகளும் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவைதான் எல்லாவற்றையும்விட முக்கியமானவை, அவற்றைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மகன் சொல்வதில் ஒரு பகுதி உண்மைதான். 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ், அதே தரமுள்ள ஒலியை எம்பி3யைவிடக் குறைந்த இடத்தில் அடக்குகிறது. 2019இல் வெளிவந்த ஏவிஐஎஃப், ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பில் நல்ல படத்தைத் தருகிறது. இணையதளம் நடத்துபவர்களுக்கும், ஒவ்வொரு நாளும் லட்சக்கணக்கான படங்களை அனுப்பும் நிறுவனங்களுக்கும் இது பெரிய லாபம். ஆனால் ஒரு வடிவம் புதிய பதிவுக்கு ஏற்றதா என்பது ஒரு கேள்வி, ஏற்கெனவே பழைய வடிவத்தில் இருக்கும் பதிவை அதற்கு மாற்றலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் பொருத்திப் பார்ப்பதால்தான் வீடுகளில் அரிய பதிவுகள் கெட்டுப்போகின்றன.

ஒரு கோப்பு வடிவம் பழையதாகிவிட்டது என்பதாலேயே அதற்கு ஆபத்து வந்துவிடுவதில்லை. அந்த வடிவத்தைத் திறக்கும் வழி ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறதா, அல்லது விவரக்குறிப்பு வெளியிடப்பட்டு யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதிக்கொள்ளும்படி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஜேபெக்கின் தரநிலை 1992இல் வந்தது. இன்றைக்கு ஜேபெக்கைத் திறக்காத போன், கணினி, தொலைக்காட்சி எதையும் கடையில் வாங்க முடியாது. எம்பி3 தரநிலை 1993இல் வெளியானது. அதன் காப்புரிமைகள் காலாவதியானபின், ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் 2017 ஏப்ரலில் உரிமக் கட்டணத் திட்டத்தை முடித்துக்கொண்டது. அப்போது பல செய்தித் தளங்கள் எம்பி3 இறந்துவிட்டது என்று எழுதின. உண்மையில் நடந்தது அதற்கு நேர்மாறானது: அன்றிலிருந்து எம்பி3யை இயக்கும் மென்பொருளை எழுத யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஜிஃப்பின் கதையும் இதுவே. கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் அறிமுகம் செய்த அந்த வடிவத்துக்குள் இருந்த சுருக்க முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அது கட்டணம் கேட்கத் தொடங்கியதால்தான் மாற்றாக பிஎன்ஜி உருவாகி 1996இல் வந்தது. அமெரிக்கக் காப்புரிமை 2003இல் முடிந்த பிறகு ஜிஃப்பும் எந்தத் தளையும் இல்லாமல் உலவுகிறது. வயது கூடக் கூட இந்த வடிவங்களுக்குச் சுதந்திரமும் கூடியிருக்கிறது. 2017 முதல் ஐபோன் எடுக்கும் ஹெய்க் படங்களுக்கு உள்ளே இருக்கும் எச்இவிசி சுருக்க முறை இன்னும் காப்புரிமைக்கு உட்பட்டதே. புதியது என்பதால் அது உங்கள் ஜேபெக்கைவிடப் பாதுகாப்பானது ஆகிவிடாது.

இனி, மாற்றினால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். எம்பி3, ஜேபெக், ஓபஸ் ஆகிய மூன்றும் இழப்புள்ள சுருக்க முறைகள். ஏவிஐஎஃப் பெரும்பாலும் அப்படித்தான் பயன்படுத்தப்படுகிறது. காதுக்குக் கேட்காது, கண்ணுக்குத் தெரியாது என்று கணக்கிட்டு ஒரு பகுதியை நிரந்தரமாக விட்டுவிடுவதுதான் இவை இடத்தை மிச்சப்படுத்தும் வழி. ஒருமுறை விட்டது எந்த மாற்றத்தாலும் திரும்பி வராது. எம்பி3யை ஓபஸ் ஆக்கும்போது, முதல் சுருக்கம் விட்டுச்சென்ற பிசிறையும் இரண்டாவது மென்பொருள் நிஜ ஒலி என்று நம்பி அதற்கும் இடம் ஒதுக்குகிறது, அதனால் உண்மையான ஒலியிலிருந்து இன்னும் கொஞ்சம் கழிகிறது. ஜெராக்ஸ் பிரதியை மறுபடியும் ஜெராக்ஸ் எடுப்பதுதான் இது.

உங்கள் அப்பாவின் வாசிப்பில் இதை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு, தவில் தனியாக ஒலிக்கும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எம்பி3 ஒலியைச் சுமார் 26 மில்லிசெகண்ட் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சுருக்குகிறது. சுருக்குவதால் எழும் இரைச்சல் துண்டு முழுவதும் பரவுகிறது. விரல்களில் கூடு மாட்டி, தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் அடிக்கும் அந்தத் தெறிப்பு ஒரு துண்டின் பிற்பகுதியில் விழுந்தால், அடி விழுவதற்கு முன்னரே அதன் இரைச்சல் மெல்லிய ‘ச்’ என்ற ஓசையாகத் தொடங்கிவிடும். இதைத் தவிர்க்க, அத்தகைய இடங்களில் துண்டைச் சிறியதாக்கும் வசதி எம்பி3யிலேயே உண்டு. அதற்குக் கூடுதல் இடம் தேவை. 2004வாக்கில் கடைகளில் வழக்கமாகப் பயன்படுத்திய நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில், மேல் சுரங்கள் நிறைந்த நாகஸ்வரம் கூடவே ஒலிக்கும்போது அந்த இடம் போதாது. அடியின் கூர்மை மழுங்கியிருக்கும். 16 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளும் அந்த அளவில் பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். இந்தக் கோப்பை மறுபடி சுருக்கினால் இருக்கிற கூர்மையும் குறையும். அதற்குக் கிடைக்கும் பலன் என்ன? 60 நிமிடக் கேசட் ஒன்றின் 128 கிலோபிட் எம்பி3 சுமார் 58 மெகாபைட். 14 கேசட்டுகளுக்கும் சேர்த்து 810 மெகாபைட்டைத் தாண்டாது. அதைப் பாதியாகக் குறைத்தாலும் மிச்சமாகும் 400 மெகாபைட், உங்கள் மகன் தன் போனில் எடுக்கும் 4கே காணொளியில் இரண்டு மூன்று நிமிடங்களுக்கே சரியாகிவிடும்.

படங்களுக்கும் இதுவே பொருந்தும். ஜேபெக் ஒரு படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதற்கு முன்பாக, கண்ணுக்கு நிற வேறுபாடு மங்கலாகவே தெரியும் என்ற கணக்கில், நிறத் தகவலைப் பெரும்பாலும் இரு திசைகளிலும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. கல்யாணப் படம் ஒன்றைக் கணினியில் நான்கு மடங்கு பெரிதாக்கி, அரக்குப் பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையைப் பாருங்கள். பொன்னிறமும் சிவப்பும் சந்திக்கும் கோட்டில் நிறம் கசிந்து, சதுரக் கட்டங்களின் விளிம்பு தெரியும். இந்தக் கட்டங்களை ஏவிஐஎஃப் ஒன்று உண்மையான விவரம் என்று காப்பாற்ற முயலும், அல்லது இழைத்துவிடும். இழைக்கும்போது பழைய பிலிமில் தெரியும் நுண்மணிகளும் முகத்தோலின் நுண்ணிய வரிகளும் சேர்ந்து போய்விடும். ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். ஜேபெக் எக்ஸ்எல் என்ற புதிய வடிவம், பழைய ஜேபெக்கைச் சற்றேறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருக்கிவிட்டு, வேண்டும்போது மூலக் கோப்பை ஒரு பைட் பிசகாமல் திருப்பித் தர வல்லது. மாற்ற விரும்புவோருக்கு அதுதான் உண்மையான வழி. ஆனால் 2023இல் ஆப்பிள் அதைத் தன் சஃபாரி உலாவியில் சேர்த்துக்கொண்ட அதே ஆண்டில், குரோம் உலாவியிலிருந்து அதற்கான சோதனை ஆதரவு நீக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் ஒரே பிரதியை ஒப்படைக்கும் அளவுக்கு அது இன்னும் எல்லாக் கருவிகளிலும் வேரூன்றவில்லை என்பது என் கருத்து.

இன்னொரு பயத்தையும் இந்த இடத்தில் போக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலரும் கேட்கிறார்கள். ஜேபெக் படத்தைத் திறந்து பார்ப்பதாலோ, ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பதாலோ அது சிறிதும் தேயாது. திருத்திவிட்டு மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் தரம் குறைகிறது. வெளிச்சம் கூட்டுவது, வெட்டுவது போன்ற வேலைகளை எப்போதும் நகலில் செய்யுங்கள்.

பிஎம்பி கோப்புகளில் எந்த இழப்பும் இல்லை, அதனால் அவற்றை மாற்றுவதிலும் அபாயம் இல்லை. நான்குக்கு ஆறு அங்குல வண்ணப் படம் ஒன்றை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் பிஎம்பியில் சுமார் 26 மெகாபைட் ஆகும். அதை பிஎன்ஜி ஆக்கினால் ஒரு புள்ளிகூட மாறாமல் கோப்பு கணிசமாகச் சிறிதாகும். நான் இடத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கோப்புக்குள்ளேயே எழுதிவைக்க பிஎம்பியில் வசதி கிடையாது. பிஎன்ஜி, டிஃப் என்ற இன்னொரு பட வடிவம், ஜேபெக் மூன்றிலும் உண்டு, யூனிகோடு தமிழிலேயே எழுதலாம். அம்மா, இதை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. வடிவத்தை மாற்றும் வேலையை உங்கள் மகன் ஒரு மாலையில் முடித்துவிடுவார். ஆனால் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் யார், தாளம் போடும் சிறுவன் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கடையில் எம்பி3 ஆக்கியபோது பாடல் பெயர்களைத் தமிழில் அடித்திருந்தார்களா என்றும் பாருங்கள். யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்திருந்தால், இன்று அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றிகள் மூலம் பெரும்பாலும் மீட்டுவிடலாம், எந்த ராகம், எந்தக் கீர்த்தனை என்ற குறிப்பு அதில் இருக்கக்கூடும்.

போட்டோ சிடிதான் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் பழைய வடிவத்துக்கு உதாரணம். கோடக் நிறுவனம் 1992இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த முறையின் முழு விவரத்தை அது தன்னிடமே வைத்துக்கொண்டது. பின்னர் நிறுவனமே அதைக் கைவிட்டதால் மென்பொருள்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இப்போது அதைத் திறக்கும் இலவச மென்பொருள்கள் சில உள்ளன, ஆனால் இரண்டு இடங்களில் ஏமாந்துவிடக் கூடாது. முதலாவது அளவு. அந்த சிடியில் படங்கள் பிசிடி என்ற கோப்புகளாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரே படம் பல அளவுகளில் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் பெரியது 3072க்கு 2048 புள்ளிகள். பல மென்பொருள்கள் கேட்காமலேயே 768க்கு 512 என்ற நடுத்தர அளவை எடுத்துக் கொடுத்துவிடும். திரையில் பார்க்க நன்றாகவே இருக்கும், மாற்றியவரும் வேலை முடிந்தது என்று சிடியைத் தூக்கிப் போட்டுவிடுவார், படத்தின் பதினாறில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாவது வெண்மை. பிலிமில் இருந்த மிகப் பிரகாசமான பகுதிகளையும் தாங்கும்படி கோடக் தனி நிற முறை ஒன்றை வைத்திருந்தது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாத மென்பொருள், மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை மடிப்பே தெரியாத வெள்ளைத் திட்டாக ஆக்கிவிடும். மாற்றியபின் படத்தின் புள்ளி அளவையும் வேட்டியின் மடிப்பையும் பார்த்துவிட்டு, டிஃப் அல்லது பிஎன்ஜியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். மூல பிசிடி கோப்புகளையும் சிடியிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து வையுங்கள், அந்த வட்டின் ஆயுளையும் நம்ப முடியாது.

ரியல் ஆடியோ விஷயத்தில், மாற்றுவதற்கு முன் கோப்பின் அளவைப் பாருங்கள். 1995இல் வந்த அந்த முறை, தொலைபேசி வழி இணையத்தில் ஒலியை ஓடவிட்டுக் கேட்பதற்காக உருவானது. ‘ஆர்எம்’ அல்லது ‘ஆர்ஏ’ என்று முடியும் கோப்பில் ஒலி இருக்கும். ‘ராம்’ என்று முடியும் கோப்பு, ஒலி எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரிச் சீட்டு மட்டுமே. அந்தக் காலத்தில் பலர் இந்தச் சீட்டைச் சேமித்துவிட்டுப் பேட்டியையே சேமித்துவிட்டதாக நம்பினார்கள். உங்கள் கோப்பு ஒரு கிலோபைட்டுக்கும் குறைவாக இருந்தால், பேட்டியை ஒலிபரப்பிய நிலையத்திடமோ, அப்போது பதிவு செய்தவர்களிடமோதான் தேட வேண்டும். ஒலி உள்ளே இருந்தால் கவலை இல்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் ரியல் ஆடியோவின் பெரும்பாலான வகைகளைப் படிக்கிறது, ஏஎம்ஆரையும் படிக்கிறது. இரண்டையும் அதன் மூலம் வேவ் என்ற சுருக்கமில்லாத ஒலிக் கோப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள், எம்பி3 ஆக்க வேண்டாம்.

அம்மாவின் தாலாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏஎம்ஆர், செல்போன் உரையாடலுக்காக உருவாக்கப்பட்டது. ஒலியை நொடிக்கு 8000 முறை மட்டுமே அளந்து பதிவதால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் அதில் இல்லை. ஒரு நிமிடப் பதிவு 100 கிலோபைட்டைக்கூடத் தொடாது. அதில் ஏற்கெனவே மிகக் குறைவாகவே மிஞ்சியிருப்பதால்தான், இன்னொரு இழப்புள்ள சுருக்கத்துக்கு அதை உட்படுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். வேவ் ஆக்கினால் குரல் தெளிவாகிவிடாது, இருப்பது குறையாது, அவ்வளவே. தெளிவாக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், இல்லாத மேல் ஒலிகளைத் தாமே கற்பித்து நிரப்புகின்றன. கேட்பதற்கு இனிமையாக இருக்கலாம், ஆனால் அந்தப் பகுதி உங்கள் அம்மாவின் குரல் அல்ல. அப்படி ஒன்று செய்தாலும் தனிக் கோப்பாக வையுங்கள்.

இப்போது கேசட்டுகள். அவை பரணில் இருந்தால் முதல் வேலையாகக் கீழே இறக்குங்கள். 2004இல் எடுத்த எம்பி3 அந்த நாடாவில் இருப்பதன் ஒரு பகுதி மட்டுமே. நாடாவிலிருந்து மறுபடி எடுத்தால், தவிலின் அந்தக் கூர்மையில் நாடா பிடித்து வைத்திருக்கும் அளவு முழுவதும் திரும்பக் கிடைக்கும். பூஞ்சை பிடித்த வெண்மை தெரிந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், அது நாடாவையும், டெக்கில் நாடாவைப் படிக்கும் பகுதியான ஹெட்டையும் சேர்த்துக் கெடுக்கும். இந்த முறை கடைக்காரரிடம் எம்பி3 என்று கேட்காமல், 24 பிட், 48 ஆயிரம் ஹெர்ட்ஸ் வேவ் என்று கேளுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ இதைக் குறைந்தபட்ச அளவாகவும் 96 ஆயிரத்தைச் சிறந்ததாகவும் சொல்கிறது. 60 நிமிடத்துக்கு ஒரு கிகாபைட் அளவுக்கு வரும். வேவ் வடிவம் 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கியது, எம்பி3யைவிடவும் பழையது, உலகின் ஆவணக் காப்பகங்கள் இன்றும் அதில்தான் சேமிக்கின்றன. இடம் நெருக்கினால் அதை ஃப்ளாக் ஆக்கலாம். ஃப்ளாக் எதையும் இழக்காமல் சுருக்குகிறது, மூல ஒலியின் சரிபார்ப்பு எண்ணையும் தன்னுள் எழுதிக்கொள்கிறது. பத்தாண்டு கழித்துக் கோப்பு சிதைந்ததா என்று சோதிக்க அது உதவும். 2024 டிசம்பரில் அது இணையத்தின் முறையான தரநிலைகளில் ஒன்றாகவும் வெளியாகிவிட்டது.

வடிவத்தைவிட முக்கியமான ஒன்றைக் கடையில் நேரில் இருந்து கவனியுங்கள். உங்கள் அண்ணனின் ரெக்கார்டரில் ஹெட் எந்தக் கோணத்தில் நாடாவைத் தொட்டதோ, அதே கோணத்தில் தொட்டால்தான் மேல் ஒலிகள் முழுமையாக எழும். இந்தக் கோணத்தை அசிமத் என்பார்கள், டெக்கில் ஒரு சிறு திருகாணியைத் திருப்பி, ஒலி மிகப் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும், ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாக. இதைச் செய்யாமல் எடுத்தால் எந்த உயர்ந்த வடிவத்தில் சேமித்தாலும் நாகஸ்வரம் கம்பளிக்குள் வாசித்தது போல் மந்தமாகத்தான் இருக்கும். இரைச்சல் நீக்கும் வேலையை மூலப் பதிவில் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் உங்கள் மகனின் யோசனைக்கு நல்ல பயன் ஒன்று இருக்கிறது. புதிதாக எடுத்த வேவ் கோப்புகளிலிருந்து அவர் தாராளமாக ஓபஸ் அல்லது எம்பி3 பிரதிகள் எடுத்துப் பேரப்பிள்ளைகளின் போன்களில் போட்டுக் கொடுக்கட்டும். மூலம் கையில் இருக்கும்வரை பிரதி எந்த வடிவத்தில் இருந்தாலும் கவலையில்லை. படங்களை உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்பட்டே போய்ச் சேரும். மூலக் கோப்புகள் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில், ஒன்று உங்கள் வீட்டிலும் மற்றொன்று மகனின் வீட்டிலும் இருக்கட்டும். பழைய எம்பி3 கோப்புகளும் அதிலேயே ஓர் ஓரமாக இருக்கட்டும். 2004க்குப் பிறகு ஏதாவது ஒரு கேசட்டின் நாடா அறுந்திருந்தாலோ பூஞ்சையில் போயிருந்தாலோ, அந்தப் பகுதிக்கு அந்த 128 கிலோபிட் எம்பி3தான் மூலம்.